உழைக்கிறவருக்கு மனம் சோராது என்கிறார்கள்

"உழைக்கிறவனுக்கு மனசு கெட்டுப்போக நேரம் ஏதுங்க?" என்ற பேச்சை எங்கள் பக்கத்தில் நான் கேட்காத இடம் இல்லை. கல்யாண மண்டபத்துப் பந்தியில் கேட்டிருக்கிறேன், எழவு வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகளில் கேட்டிருக்கிறேன், பல்லடம் போகும் பேருந்தில் முன் இருக்கைக்காரர்கள் பேசிக்கொண்டு வந்ததிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மழை குறைந்த மண்ணில் கிணறு வெட்டி, கிணறு வற்றியபோது தறி போட்டு, தறி தள்ளாடியபோது கோழிப்பண்ணையோ பனியன் கம்பெனியோ என்று மாறிப் பிழைத்தவர்கள் கொங்கு நாட்டார். உழைப்பு அவர்களைப் பலமுறை கரை சேர்த்திருக்கிறது. அதனால் மனம் சோர்ந்தவரைக் கண்டாலும் உழைப்பையே மருந்தாக நீட்டுகிறார்கள்.

இந்தக் கருத்தை முழுப் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை. அதுதான் என்னை இத்தனை காலமாக உறுத்துகிறது. தாத்தா இறந்து காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் பாட்டி மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். யாரோ தடுத்தபோது, "மாட்டுக்குத் தெரியுமா எழவு?" என்று கேட்டாராம். அந்த மாடுகள்தாம் அவரை அந்த வருடத்தைக் கடக்க வைத்தன என்று அம்மா இன்றும் சொல்வார். ஆனால் இதே கருத்துதான் என் தாய்மாமாவை நெடுங்காலம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது. அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஊரு பேரு போடாம எழுது அம்மிணி, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார்.

தறிக்கூடத்துக்குள்ளே

மாமா சோமனூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். நீளவாட்டு நூலான பாவையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஜவுளிக்காரர் கொடுப்பார். கூடமும் தறியும் மின்கட்டணமும் ஆள் சம்பளமும் இவருடைய பொறுப்பு. நெய்து கொடுத்த மீட்டருக்குக் கூலி. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தறிகள் நின்றன, தவணைகள் நிற்கவில்லை. மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவரிடம் வேலை செய்த ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆள் வைத்து ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று இரண்டு ஷிப்டையும் மாமாவே பார்க்கத் தொடங்கினார்.

விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பல கூடங்களில் அது 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரம் வேலை செய்பவரின் காது கெடாமல் இருக்க 85 டெசிபலே வரம்பு என்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கையசைவாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். ஊடை தீர்ந்தது என்பதை விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள், இழை அறுந்தது என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் பேசாமலே ஆகிவிட்டால், அது யார் கண்ணிலும் படாது. மாமா பேச்சை நிறுத்திக்கொண்டது எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உடம்புதான் முதலில் பேசியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றார். வயிற்றில் எரிச்சல், பின்கழுத்தில் இறுக்கம், கை நடுக்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தனியார் மருத்துவமனை ஒன்றில் இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், அடுத்த முறை எண்டோஸ்கோப்பியும் ஆயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது, கேஸ் டிரபிள்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பில்லைப் பார்த்தபோது படபடப்பு இன்னும் கூடியது. 'ஒன்றும் இல்லை' என்று சொல்லப்பட்ட நோய்க்குத் தான் இத்தனை ஆயிரம் செலவு செய்துவிட்டோமே என்று அவர் மருகினார். ஆனால் அவருடைய நெஞ்சு உண்மையிலேயே அடித்துக்கொண்டது. தீராத பதற்றத்தில் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களைச் சுரந்துகொண்டே இருந்தால் இதயம் வேகமாகத்தான் துடிக்கும், தசை இறுகத்தான் செய்யும், குடல் தன் ஒழுங்கை இழக்கத்தான் செய்யும். சோதனைத் தாளில் வரவில்லை என்பதால் அந்த வேதனையைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

இவை தவிர, யாரும் நோய்க் கணக்கில் சேர்க்காத மாற்றங்கள் பல இருந்தன. டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிப்பதை நிறுத்தினார். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் கேட்டு வாங்குகிறவர், பாதித் தட்டோடு கை கழுவினார். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைக்க வந்த ஆளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார். ஊரே அதைப் புகழ்ந்தது. "மூணு மணிக்கே தறிச் சத்தம் கேக்குது, அவனல்லவா ஒழைப்பாளி" என்று சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்து, பிறகு தூக்கமே வராமல் போவது மனச்சோர்வின் மிகத் தெளிவான அறிகுறிகளில் ஒன்று என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. எங்கள் ஊரில் அந்த அறிகுறிக்குப் பாராட்டு கிடைத்தது.

எந்திரிக்கறீங்களா, முழிப்பு வந்துருதுங்களா?

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்படி மாத்திரை கொண்டுவந்த பெண், வந்த இடத்தில் மாமாவுக்கும் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கூடுதலாக இருக்கிறது, கட்டாயம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊரில் இருந்ததால் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். மருத்துவர் சின்ன வயதுப் பெண், பேச்சில் எங்கள் பக்கத்துச் சாயல் இருந்தது. மாமாவின் பழைய கோப்பைப் புரட்டினார். இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மூடி வைத்தார். இன்னொரு சோதனைக்குச் சீட்டு எழுதுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர், "ராத்திரித் தூக்கமெல்லாம் எப்படிங்க ஐயா இருக்குது?" என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க, நல்லா தூங்கறனுங்க. மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சுருவனுங்க" என்றார் மாமா. அதில் வழக்கமான பெருமையும் கொஞ்சம் இருந்தது. பெரும்பாலான இடங்களில் உரையாடல் இந்த இடத்தோடு முடிந்துவிடும். அந்த மருத்துவர் மட்டும் விடவில்லை. "எந்திரிக்கறீங்களா, முழிப்பு வந்துருதுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

மாமா பதில் சொல்லவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தறியில் இழை அறுந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல்கள் அவை. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு எப்போதும் இருக்கும். மருத்துவர் அவசரப்படவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள், செவிலியர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் மாமா, "முழிப்பு வந்துருதுங்க. அப்பறம் படுத்திருக்க முடியறதில்லைங்க" என்றார். முழித்ததும் என்ன நினைப்பு வருகிறது என்று மருத்துவர் கேட்டபோது, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அழுது பார்த்திராத அந்த மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நாங்கள் உடன் இருக்கலாமா என்று மாமாவிடம் அனுமதி கேட்டுக்கொண்ட பிறகே மருத்துவர் மேலே பேசினார். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, சாப்பாடு எப்படி, களைப்பு உண்டா, தன்னால் குடும்பத்துக்குக் கேடு என்று தோன்றியதா என்று ஒன்பது கேள்விகளைக் கேட்டார். உலகம் முழுவதும் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற அந்த வினாத்தாள் 2001-இல் வெளியானது. ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. அத்தை திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாமா, "சில நாள் தோணுமுங்க. புள்ளைகள நெனச்சு உட்டுருவனுங்க" என்றார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டிவிடுவோமோ என்று நம்மில் பலரும் அஞ்சுகிறோம். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதரவு தரவில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பாரம் இறங்கியதாகவே உணர்கிறார். மாமாவின் முகத்தில் அன்று நான் கண்டதும் அதுதான்.

அதற்குப் பிறகு மருத்துவர் அத்தையிடம் சொன்னது எளிமையானது. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கும் பூச்சிமருந்தை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் பூட்டிச் சாவியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள் என்றார். சாகும் எண்ணம் பலருக்கும் அலையாக எழுந்து அடங்குவது. எழும் அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தொலைவில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் பிழைத்துவிடுகிறது. 1986-இல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகச் சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும், கடலூர் மாவட்டக் கிராமங்களில் உழவர்களின் பூச்சிமருந்தைப் பொதுக் கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்து, அதனால் பலன் இருப்பதை 2013-இல் எழுதியிருக்கிறார்கள். தென்னையும் மஞ்சளும் காய்கறியும் விளையும் நம் பக்கத்தில் சாளைக்குச் சாளை மருந்துப் புட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு இல்லை.

மாமாவைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று பிறகு தேடிப் படித்தேன். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான சிக்கல்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை. மாமாவிடம் தூக்கத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் அவரும் அந்த எண்பத்தைந்தில்தான் இருந்திருப்பார்.

பூக் கேட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனதும்

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. "வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை வருமா?" என்றார் பெரியவர் ஒருவர். கல்யாணப் பேச்சு எங்கள் பக்கத்தில் எத்தனையோ சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டிருக்கிறது. இது எனக்குத் தீராத மனத்தாங்கல். அத்தை யாரோடும் வாதாடவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பூ வந்தது. அதோடு பேச்சு முடிந்தது, மறுநாள் புறப்பட்டோம்.

கோயிலுக்குப் போவதை மூடத்தனம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலையில், பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளைப் பூக் கேட்டு உத்தரவு பெற்றுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஒருவருடைய உள்ளத்துக்குள் நடந்ததை ஊரே கூடிக் காது கொடுத்துக் கேட்கிற வழக்கம் அது. மனத்தில் உள்ளதைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு நம் மக்களிடம் இடங்கள் இருந்தே வந்திருக்கின்றன. கோயிலையும் மருத்துவரையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும்போதுதான் குடும்பங்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. கோயிலுக்குப் போனதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, அவரைக் கட்டிப்போடவோ அடிக்கவோ விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நாங்கள் கண்டது சாதாரண வெளிநோயாளிக் கூட்டம்தான். குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆன ஒரு பெண், குடியை விட வந்திருந்த ஒரு லாரி ஓட்டுநர், தேர்வுக்குப் பயந்து சாப்பிடாமல் இருந்த ஒரு மாணவன் என்று எல்லாரும் நம் அக்கம்பக்கத்தவர்கள். மாமாவுக்குத் தெரிந்த ஒரு தறிக்காரரும் அங்கே இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகு நூல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மருந்தைப் பற்றி அங்கே தெளிவாக விளக்கினார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்கிறபடி மெல்லக் குறைத்துத்தான் விட வேண்டும். ஊரில் எல்லாரும் பயமுறுத்தும் 'பழகிப்போகும்' என்ற ஆபத்து, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி வருடக்கணக்கில் போடும் சிலவகைத் தூக்க மாத்திரைகளுக்கே பொருந்தும். எங்கள் சொந்தத்திலேயே அந்த மாத்திரைக்குப் பயப்படாதவர்கள், இந்த மாத்திரைக்குப் பயந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பாலிசி வைத்திருப்பவர்கள் கேட்டுப் பெற வேண்டியது இது.

வேலை மருந்தாகும் விதம்

இனி அந்தப் பழைய கருத்துக்கு வருகிறேன். உழைப்பு மனத்துக்கு மருந்தா என்றால், ஒருவகையில் ஆம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பேசச் செய்து நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தப் பேச்சின் மையம், நின்றுபோன செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைப்பது. மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறிதாகச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வரும் என்பது அதன் அடிப்படை. பலரும் அதனால் தேறினார்கள். பாட்டியை மாடுகள் காப்பாற்றியது இந்த வழியில்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஆனால் எந்தச் செயல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவமனையில் ஆலோசகர் மாமாவிடம் ஒரு நோட்டு போடச் சொன்னார். கூலிக் கணக்கு எழுதும் நீள நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். இடப்பக்கம் நேரம், நடுவில் செய்த காரியம், வலப்பக்கம் அப்போது மனம் இருந்த நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். நான் பார்த்த ஒரு பக்கத்தில், "3.15 தறி" என்பதற்கு நேரே 1 என்று இருந்தது. "சாயங்காலம் எருமை கழுவினது" என்பதற்கு 5. "மேட்டுத் தோட்டத்துக்காரரோட வாய்க்கால்ல உக்காந்து பேசினது" என்பதற்கு 6 போட்டு, அடித்து, 7 ஆக்கியிருந்தார். தறி ஓட்டியதும் வேலைதான், எருமை கழுவியதும் வேலைதான். முதலாவது, நினைப்புக்குப் பயந்து ஓடி ஒளிந்துகொள்ளச் செய்த வேலை. மற்றது அவரை இன்னோர் உயிரோடும் வெயிலோடும் தண்ணீரோடும் சேர்த்து வைத்தது. பாட்டியின் மாட்டுவேலைக்கு நடுவே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசும் பெண்கள் இருந்தார்கள், மத்தியானத் தூக்கம் இருந்தது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருந்தது. மாமாவின் வேலையிலிருந்து இவை ஒவ்வொன்றாகக் கழன்று, தறி மட்டும் மிஞ்சியிருந்தது. உழைக்கச் சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

எழும் நேரத்தை முதலில் ஒழுங்கு செய்தார்கள். எப்போது தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுவது, அதற்கு முன் விழிப்பு வந்தால் தறிக்கூடத்துக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது, கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுப்பது. மத்தியானத்துக்குப் பிறகு டீ வேண்டாம் என்றார்கள். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், ஆறு மணிக்குக் குடித்த டீ பதினோரு மணிக்கும் உடம்பில் வேலை செய்யும். தூக்கத்துக்காக எப்போதாவது குவார்ட்டர் வாங்கும் பழக்கமும் மாமாவிடம் வந்திருந்தது. மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். மூன்று மணி விழிப்புக்கு அதுவும் துணை போயிருக்கிறது என்று விளக்கிய பிறகு அவரே விட்டுவிட்டார்; எல்லாருக்கும் அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை, அதற்கும் அங்கேயே சிகிச்சை உண்டு.

கடன் மட்டும் அப்படியே இருந்தது. இங்கே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறவரிடம் மூச்சை மெல்ல விடச் சொல்வதால் வட்டி நிற்காது. அவருடைய கவலைக்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. ஆலோசகர் கவலைக்கென்று மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார்; இரவில் நினைப்பு வந்தால், அதை நாளை மாலைக்குத் தள்ளிப்போட வேண்டும். கவலையை இப்படி நேரம் குறித்துக் கட்டுப்படுத்தும் முறையை 1983-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாமா அந்த அரை மணி நேரத்தில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடனை எழுதினார். வங்கிக் கடன், நகைக் கடன், பைனான்ஸ், கைமாற்று என்று எல்லாம் ஒரே தாளில் வந்தபோது, தொகை அவர் இரவுகளில் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. இரண்டு தறிகளை விற்று அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்தார்கள். தறியை விற்பது குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று சொன்னவர்கள் உண்டு. மாத்திரையும் நோட்டும் செய்த வேலையின் அளவுக்கு அந்த விற்பனையும் செய்தது என்பது என் எண்ணம். கூலிப் பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுபடுவதும் மனநலப் பிரச்சினைதான். அதை மருத்துவமனையால் தீர்க்க முடியாது.

எல்லாருக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வாய்ப்பதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். மாமாவின் கூடத்தில் எலக்ட்ரீசியன் எண்ணுக்குக் கீழே சுவரில் சாக்பீஸால் அதையும் எழுதி வைத்திருக்கிறார். திருப்பூர் கம்பெனி விடுதிகளில் குடும்பத்தை விட்டு வந்து தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தை

இத்தனை நாளும் அத்தையை யாரும் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்கவில்லை. மாத்திரையை எண்ணி வைத்ததும், பூச்சிமருந்துச் சாவியைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்து வைத்ததும், இரவில் மாமா எழும் சத்தம் கேட்டதும் தானும் எழுந்து வாசல்வரை பார்த்துவிட்டு வந்ததும் அவர்தான். விருந்தாளிகளிடம் "அவருக்கு பி.பி.ங்க" என்று சொல்லிச் சமாளித்ததும் அவர்தான். நோயாளியைக் கவனிக்கிறவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த செய்தி. மாமா தேறி வந்த மாதங்களில் அத்தைக்குச் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போயிற்று.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வள்ளி கும்மி இப்போது மீண்டும் பரவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஊரெல்லாம் பேசினார்கள். எங்கள் ஊரிலும் மாரியம்மன் கோயில் திடலில் ஆசிரியர் ஒருவர் வந்து சொல்லிக் கொடுக்கிறார். பாட்டுக்கு ஏற்ப அடி மாறும்போது பக்கத்தில் ஆடுகிறவரின் காலைப் பார்த்தே நாமும் மாற வேண்டும். அந்த நேரத்தில் வேறு நினைப்பு உள்ளே நுழைய முடியாது. உடம்பு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, பக்கத்து ஊர்ப் பெண்கள் பழக்கமாகிறார்கள். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; கும்மிக்குப் போகிறவர்களுக்கு அதை யாரும் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. அத்தை முதலில் மகளைக் கொண்டுபோய் விடத்தான் போனார். இப்போது தாய், மகள் இருவரும் ஆடுகிறார்கள். மாமாதான் அன்றைக்கு இரவுச் சமையல்.

சென்ற முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனபோது, அத்தை அதே மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, "அவருக்குக் கேட்டீங்களே, ஒம்பது கேள்வி, அத எனக்கும் ஒருக்காக் கேட்டுருங்க டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் கேட்டார். தூக்கத்துக்கும் களைப்புக்கும் அத்தை தந்த பதில்கள் கவனிக்க வேண்டியவையாக இருந்தன. ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று சொன்னார். அடுத்த மாதம் மாமாவோடு ஆலோசகரைப் பார்க்கும்போது அத்தையும் தனியாகப் பேசப் போகிறார். அன்றைக்குத் தறியை நிறுத்திவிடலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.